நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே

கண்ணா,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது, அத்தை கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. செய்தி அவ்வளவுதான். ஆபீஸ் விஷயம் என்ன ஆனது என்று நான் கேட்கப்போவதில்லை, நீயும் சொல்லப்போவதில்லை, சரி. ஆனால் வீடியோவில் பேசும்போது நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு, இடது புருவத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருக்கிறாய். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்த அன்றைக்கும் இதே புருவத்தைத்தான் தேய்த்தாய்.

முகத்தை மறைத்தால் தெரியாது என்று நினைக்காதே. 2017இல் வந்த ஓர் ஆய்வில், முகத்தையும் பார்த்துக் குரலையும் கேட்டவர்களைவிடக் குரலை மட்டும் கேட்டவர்கள்தான் அடுத்தவர் உணர்ச்சியைச் சரியாகக் கணித்தார்களாம். எனக்கு அது ஆச்சரியமே இல்லை. 'நல்லா இருக்கேம்மா' என்கிறாய், அந்த 'ம்மா' எனக்குக் காதில் விழுவதே இல்லை, தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

அப்பா படுத்த படுக்கையாக இருந்த அந்த வருஷம் நீ எங்களைத் தாங்கினதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன், உன்னைப் பெற்றதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் எல்லாரையும் தேற்றின நீ, உன்னைத் தேற்ற ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. இப்போதும் விடுவதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

இப்போதெல்லாம் 'அப்பா கத்துறாரு' என்று உன் சின்னவள் உன்னைப் பற்றிச் சொன்னாள். (அவளை ஏதும் சொல்லாதே, குழந்தை பேச்சுவாக்கில் சொன்னது.) எனக்கென்னவோ அது வெறும் கோபமாகப் படவில்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சி, எட்டு என்று வரும் இல்லையா, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று. அதில் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிற இடத்தில் முதலில் நிற்பது இளிவு, பிறர் நம்மைத் தாழ்த்துவது. இழப்பும் வறுமையும்கூட அதற்குப் பின்னால்தான் வருகின்றன. ராப்பகலாக உழைத்தவனை ஒதுக்கிவிட்டு வேறொருவனைக் கொண்டுவந்து மேலே உட்கார வைத்தால் யாருக்கும் வருவது அதுதான். அழக் கூச்சப்படுகிறவனுக்கு அது கத்தலாக வெளியே வருகிறது.

அதனால் முதலில் உனக்குள் இருப்பதற்குப் பேர் சொல்லு. எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்ற ஒரே மூட்டையில் கட்டாதே. அவமானமா, பயமா, ஏமாற்றமா, எது? 2007இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். கோபமும் பயமும் தெரிகிற முகங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும், மூளையில் பயம் மாதிரி உணர்ச்சிகளைக் கிளப்புகிற அமிக்டலா என்கிற பகுதியின் பரபரப்பு குறைந்ததாம். சொல்லைத் தேர்ந்ததற்கே அவ்வளவு. பேர் சொல்லு கண்ணா, வாயால் சொல்ல வராவிட்டால் எழுதியாவது பார்.

உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் உன்னோடு போய்விடும் என்று நினைக்கிறாய், போகாது. 2003இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் முன்பின் தெரியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனதைக் கலக்குகிற ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒருத்தி உணர்ச்சியை மறைத்துக்கொண்டே பேசினால் எதிரில் இருந்தவளுக்கு இரத்த அழுத்தம் ஏறியது. முன்பின் தெரியாதவளுக்கே அப்படி என்றால் ராத்திரி பகல் கூடவே இருக்கிற உன் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்? அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளிடம் போய் 'அம்மாகிட்ட என்ன சொன்னே' என்று கேட்காதே.

அவள் முகத்தையும் கொஞ்சம் பார். கதவை ஓசையோடு சாத்தினால் 'இப்ப எதுக்குக் கோபம்' என்று நீயாக முடிவு கட்டிவிடாமல், 'ஏதோ மாதிரி இருக்கியே, என்னாச்சு' என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவள் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வழி சொல்ல ஆரம்பிக்கிறாயே, அது அப்படியே உங்கள் அப்பா.

சின்னவளிடமும் சொல்லு. 'அப்பாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல, உன்மேல கோபம் இல்ல' என்றால் அவளுக்குப் போதும். சொல்லாமல் விட்டால் குழந்தை தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும். எனக்குப் பதில் எழுத வேண்டும் என்றுகூட இல்லை, முதலில் அவர்கள் இரண்டு பேரிடமும் பேசு.

அம்மா