இரண்டாம் நாளே கர்துங் லாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் லடாக் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. படங்கள் அருமை. பாங்காங் ஏரியின் நீலம், ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகம், எல்லாம் இருந்தன. ஊர்களின் உயரம் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அதே பக்கத்தின் அடியில் ‘ஐந்து இரவு, ஆறு பகல், நம்ம ஊர்ச் சமையலுடன்’ என்று ஒரு விளம்பரம். அந்தத் திட்டம் எனக்கு மனப்பாடம். கடந்த ஜூன் மாதம் ஏறக்குறைய அதே திட்டத்தில்தான் நான், என் மனைவி, மதினி, சகலை நான்கு பேரும் போனோம். ஒட்டகத்தையும் பார்க்கவில்லை, பாங்காங்கையும் பார்க்கவில்லை. லே ஆஸ்பத்திரியை நன்றாகப் பார்த்தோம்.

நான் பொதுப்பணித் துறையில் பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விக்கிரமசிங்கபுரத்தில் வீடு, மாடியில் நின்றால் பொதிகை தெரியும். அந்த அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. லே ஊர் கிடப்பதே சுமார் 3,500 மீட்டரில். நம் பக்கத்து மலை எதன் உச்சியில் ஏறினாலும் எட்டாத உயரம். டெல்லியில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே கொண்டு இறக்கிவிடுகிறார்கள்.

உயரம் என்றால் என்ன என்பதை முதலில் சொன்னது மிக்சர் பாக்கெட்தான். விடுதி அறையில் பையைத் திறந்தால், அம்பாசமுத்திரத்தில் வாங்கிய பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி உப்பி, குத்தினால் வெடிக்கும் என்று நின்றன. உள்ளே இருப்பது நம் ஊர்க் காற்று. வெளியே அழுத்தம் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் அப்படி. எங்களோடு வந்த சமையல்காரத் தம்பி மதியம் பருப்பை வைத்துவிட்டு அரண்டுபோனான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு வேகவில்லை. அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அப்புறம் விடுதிக்காரரிடம் ஒரு குக்கர் வாங்கி இரண்டு விசில் கூடுதலாக விட்டான்.

பருப்புக்கே இந்தக் கதி என்றால் 66 வயது ஆளுக்கு எப்படி இருக்கும்? வந்து இறங்குகிறவர்கள் 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். எங்களை அழைத்துப் போன மேலாளரோ அன்று மாலையே சாந்தி ஸ்தூபிக்குக் கூட்டிப்போனார். அதுவும் வண்டியில் மேலே போகாமல், படிக்கட்டு வழியாக. ‘பழனி ஏறின கால்தானே, அண்ணாச்சி’ என்று பேச்சு வேறு. சகலை ஏறினார். ராத்திரி தூங்கவில்லை. காலையில் ‘ஒண்ணுமில்லய்யா, பித்தம். தலைதான் விண்ணு விண்ணுன்னு தெறிக்கு’ என்றார். இஞ்சி மரப்பாவை வாயில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

இரண்டாம் நாள் திட்டம் கர்துங் லா கணவாய். 5,359 மீட்டர். ரொம்ப காலம் அங்கே 5,602 என்று பலகை வைத்திருந்தார்களாம். மட்டம் பார்க்கும் வேலையில் இருந்தவனுக்கு இதெல்லாம் கண்ணில் உறுத்தும். அது கிடக்கட்டும். நாற்பது கிலோமீட்டருக்குள் ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். மேலே காற்றில் பாதிதான் மிச்சம். இருபது பேரும் இறங்கிப் படம் எடுக்க ஓடினார்கள். சகலை இறங்கினார், இரண்டு எட்டு வைத்தார், குடித்தவர் மாதிரித் தடுமாறினார். உதடு நாவல்பழ நிறம். மேலாளர் கையடக்க ஆக்சிஜன் குப்பி ஒன்றை நீட்டி, ‘அஞ்சு நிமிஷத்துல சரியாயிரும், அடுத்த பக்கம் இறங்கிட்டா நூப்ரா, அங்க உயரம் கம்மி’ என்றார்.

அந்த லடாக்கி ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது. சகலையின் விரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தார். வந்த வழியைக் காட்டி ‘நீச்சே, நீச்சே’ என்றார். கீழே என்று அர்த்தமாம். யாரையும் கேட்காமல் எங்கள் நாலு பேரையும் பின்னால் வந்த காலி வண்டி ஒன்றில் ஏற்றி, அந்த ஓட்டுநரிடம் என்னவோ சொல்லி லேவுக்கு அனுப்பினார். சகலை இன்று கல்லிடைக்குறிச்சியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்றால் அவரால்தான்.

ஆஸ்பத்திரியில் சகலையின் விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் 64 சதவீதம் என்று காட்டியது. எனக்கு மாட்டிப் பார்த்தார்கள், 87. கொரோனா காலத்தில் நாமெல்லாம் 94-க்கே பதறினோம். நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் அரை நாள் மேலே இருந்திருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். இரண்டு ராத்திரி ஆக்சிஜன் வைத்தார்கள். சென்னையில் இருக்கும் மகனுக்குச் சொல்லலாம் என்றால் நாலு பேர் செல்போனும் செத்துக் கிடந்தன. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதையும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் பக்கத்துப் படுக்கைக்காரரின் பேரன் போனில் பேசினோம்.

காத்துக் கிடந்த நாள்களில் எனக்கு ஒரு லாபம் உண்டு. விடுதிக்குப் பின்னால் பார்லி வயல். லேயில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர். பாபநாசத்தில் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டிவிடும். அதனால் பனி உருகும் நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். இரவில் வரும் நீரைக் குட்டையில் தேக்கிப் பகலில் பாய்ச்சுகிறார்கள். காலையில் ஒருவர் மண்வெட்டியோடு வந்து, ஒரு மடையில் அடைத்திருந்த புல்கரணையும் கந்தல் துணியும் எடுத்து அடுத்த மடையில் வைத்து அடைத்தார். தண்ணீர் திரும்பியது. அவருக்கு ‘சுர்போன்’ என்று பெயர், யாருக்கு எப்போது எவ்வளவு என்பது அவர் வாக்கு என்றார் விடுதிக்காரர். அட, நம்ம நீர்பாய்ச்சி! கன்னடியன் கால்வாயில் முப்பது வருஷம் நான் பார்த்த அதே நிற்கிற தோரணை, அதே கால்விரலால் மண்ணை மிதித்து இறுக்குவது. பாஷை தெரிந்திருந்தால் அவரோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள் மதினி கோயிலுக்குப் போகணும் என்று அழுதாள். திக்சே பௌத்த மடத்துக்குக் கூட்டிப்போனேன். லேயிலிருந்து 19 கிலோமீட்டர், ஏறக்குறைய அதே உயரம். மலைச்சரிவில் பன்னிரண்டு அடுக்கு. உள்ளே இரண்டு மாடி உயரத்துக்கு மைத்ரேய புத்தர். தலாய் லாமா 1970-இல் வந்ததன் நினைவாக எழுப்பியது. மதினி வெண்ணெய் விளக்கு ஒன்று ஏற்றிவிட்டு, பழக்கத்தில் திருநீறு தேடினாள். அங்கிருந்த இளம் துறவி கர்நாடகத்தில் பைலகுப்பேயில் படித்தவராம். ‘சாம்பார்’ என்று சிரித்தார். அந்த மடம் திபெத்தில் லாசாவின் பொட்டாலா அரண்மனையைப் போல இருக்கிறது என்பார்கள். பொட்டாலா என்ற பெயர் அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர் இருக்கும் போதலக மலையிலிருந்து வந்தது. அந்தப் போதலகம் நம் பொதிகைதான் என்று ஷு ஹிகோசகா என்ற ஜப்பானிய ஆய்வாளர் எழுதியிருக்கிறார். நிச்சயமாக அதுதானா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் தினம் மாடியிலிருந்து பார்க்கிற மலையை நினைத்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தது நன்றாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் திட்டத்தில் இந்தத் திக்சே, ஹெமிஸ் எல்லாம் ஐந்தாம் நாள். கர்துங் லா இரண்டாம் நாள். இரண்டையும் இடம் மாற்றினால் என்ன? ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது. முதல் நாள் படுத்துக் கிடக்கட்டும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பக்கத்து மடங்கள். கணவாய் அதற்குப் பிறகு. விடுதிக்காரர் இன்னொரு வழியும் சொன்னார். விமானத்தில் வந்த வயதானவர்களை நேரே சிந்து நதி ஓரமாக அல்சிக்கு அழைத்துப்போய்த் தங்கவைக்கலாம். லேயைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு, பல நூற்றாண்டு பழமையான மடமும் சுவரோவியமும் அங்கேதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் இருப்பவர்கள் புறப்படும் முன் தங்கள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மலை நோய்க்கு முன்கூட்டி எடுக்கும் மாத்திரையும் உண்டு, அதையும் அவரைக் கேட்டுத்தான். தலைவலியோடு வாந்தியும் தடுமாற்றமும் வந்தால் மேலே போகவே கூடாது, கீழே இறங்க வேண்டும்.

இனிமேல் இப்படிப்பட்ட பக்கம் போடும்போது ஊர்ப் பெயரோடு அதன் உயரத்தையும் ஒரு எண்ணாக அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். விளம்பரம் கொடுப்பவர்களிடமும் அதைக் கேளுங்கள்.

நாங்கள் போன அந்தப் பயண நிறுவனத்தாரிடம் ஊருக்கு வந்ததும் இதையெல்லாம் நேரில் சொன்னேன். ‘கண்டிப்பா மாத்திருதோம் அண்ணாச்சி’ என்றார்கள். செப்டம்பர் பயணத்துக்கு அவர்கள் அடித்த நோட்டீஸ் முந்தாநாள் கைக்கு வந்தது. இரண்டாம் நாள்: காலைச் சிற்றுண்டி, கர்துங் லா.

சகலை வீட்டார் விரும்பாததால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
பொதுப்பணித் துறை ஓய்வூதியர் ஒருவர்,
விக்கிரமசிங்கபுரம்.