சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், 'ஊசி போட்டும் சர்க்கரை குறையாததற்கு நோயாளிகளின் அலட்சியமே காரணம்' என்று ஒரு வரி வந்திருந்தது. கட்டுரையில் மற்றதெல்லாம் சரி. அந்த ஒரு வரி மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

ஊசி போட்டும் சுகர் இறங்கவில்லை என்று ஒருவர் வந்தால், என்ன தின்றீர்கள் என்று அதட்டுவதற்கு முன் அவருடைய குப்பியையும் சிரிஞ்சையும் வாங்கிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 யூனிட் குப்பி வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு, கடையில் சிவப்பு தீர்ந்துபோய் ஆரஞ்சை எடுத்துக் கொடுத்துவிட்டால், அவர் வழக்கம்போல 20 கோடு வரை இழுப்பார். உடம்புக்குள் போவது வெறும் 8 யூனிட். மாறி, 100 யூனிட் குப்பியில் சிவப்பு மூடி சிரிஞ்சால் இழுத்தாலோ, 20 போக வேண்டிய இடத்தில் 50 ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. இதில் அந்த அம்மாவின் அலட்சியம் எங்கே இருக்கிறது, ஐயா?

அடுத்து வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கு அடியில் கட்டி தட்டியிருக்கும். அங்கே வலி தெரியாது என்பதால் கை தானாக அங்கேயே போகும். கட்டிக்குள் போன மருந்து சில நாள் தாமதமாக வேலை செய்யும், சில நாள் சட்டென்று சர்க்கரையை இறக்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் தள்ளிக் குத்த வேண்டும். தொப்புளை ஒட்டிக் குத்தக் கூடாது. கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவே அதிகமாகிவிடக்கூடும் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற வேண்டும். பால் போலக் கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்துத் தடவை மெல்ல உருட்டிவிட்டு இழுக்க வேண்டும். அடியில் படிந்த மருந்து கலக்காவிட்டால் ஒரு நாள் வீரியம் குறையும், ஒரு நாள் கூடும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அந்தக் கால் மணி நேரம் யாருக்குக் கிடைக்கிறது?

எழுத உட்கார்ந்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளியிட்ட உணவு அட்டவணையில் ஓட்ஸ் இருந்தது, ஆலிவ் எண்ணெய் இருந்தது. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, என்ற சொல்லே இல்லை. மரச்சீனியும் மீன்கறியும் இல்லாத வீடு எங்கள் குமரி மாவட்டத்துக் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் எத்தனை இருக்கும்? நூறு கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து. ஆகவே கிழங்கு தின்கிற வேளையில் சோறு வேண்டாம், கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டு என்று எழுதினால் எங்கள் சனங்களுக்கு விளங்கும். ஒரு லேகியம் ஊசியையே நிறுத்திவிடும் என்ற விளம்பரத்தையும் அரைப் பக்கத்துக்குப் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பதில் இல்லை.

விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர் ஊசியைப் போட்டுக்கொண்டு, பால் சேர்க்காத கட்டன் சாயாவோடு மட்டும் தோட்டத்துக்குப் போனால், மரத்தடியிலேயே லோ சுகர் ஆகும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, தெளியாவிட்டால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். வெட்டு முடிந்து காப்பிக்கு உட்காருமுன் ஊசி போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள் படகின் ஐஸில் குப்பியை நேரடியாகப் புதைத்துவிடுகிறார்கள். ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. துணியில் சுற்றி, ஐஸ் படாதபடி பிளாஸ்கில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு முறை தரும் மருந்து, கரைக்கு வராத மாதத்தில் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்? இதையும் அலட்சியக் கணக்கில் எழுதிவிட்டீர்களா?

மருத்துவப் பக்கத்தில் ஒரு உள்ளங்கை அளவு இடம் ஒதுக்குங்கள். சிவப்பு மூடி சிரிஞ்சு, 40 யூனிட் குப்பி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் குப்பி என்று இரண்டு படங்கள், வண்ணத்தில். கருப்பு வெள்ளையில் போட்டால் பயன் இல்லை.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
தக்கலை