அடுத்த லைன் வீட்டு ஒடியா அண்ணாவுக்கு

அண்ணா, வணக்கம்.

இந்தக் கடிதத்தை உங்க பாப்பாதான் உங்களுக்குப் படித்துக் காட்டப் போகிறாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் வந்து சேர்ந்த பிள்ளை! பாப்பா, நிறுத்தி நிறுத்திப் படி, அப்பாவுக்குப் புரியாத இடத்தில் ஒடியாவில் சொல்லிக் கொடு. உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், திருப்பூரில் உங்களைப் போல எத்தனையோ அப்பா அம்மாக்கள் லைன் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் யாராவது படித்துச் சொல்லட்டும் என்றுதான்.

போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் வைத்து, பெற்றோரும் டீச்சரும் சேர்ந்து பள்ளிக்கூட விஷயம் பேசுகிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாங்க என்று கூப்பிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "நாங்க வெளியூரு ஆளுங்கக்கா, நமக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே வார்த்தையை எங்க அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். மழை தப்பிப்போய் காடு கரையெல்லாம் காய்ந்து கிடந்த வருஷத்தில், எனக்கு ஆறு வயசு இருக்கும்போது, பனியன் கம்பெனி வேலைக்கு என்று அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் நான் "அங்கிட்டுப் போவோம்" என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே, தமிழே பேசி, எனக்கு அந்த நிலைமை. இங்கே "அக்கட்டால" என்றுதான் சொல்ல வேண்டுமாம். அப்பா ஒரு நாள்கூடப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. நாம வந்தவங்க, வாயை மூடிக்கிட்டு இருக்கணும் என்பார். நான் அஞ்சாவது முடித்து வெளியே வரும்வரை எங்க வீட்டிலிருந்து ஒருவரும் அங்கே வந்ததில்லை, ஆண்டு விழாவில் நான் ஆடியதைப் பார்க்கக்கூட யாரும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை, அண்ணா.

போன வாரம் உங்க பாப்பா எங்க பையனைப் பார்த்து "அக்கட்டால போ சாமி" என்று அதட்டியது என் காதில் விழுந்தது. அவ்வளவு சுத்தமான கொங்குத் தமிழ்.

நீங்கள் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், அதனால் பள்ளிக்கூடத்தில் நடப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்க பையனுக்கு எப்போதும் மூணு சுழி ண-வும் ரெண்டு சுழி ன-வும் குழப்பம்தான். மணியை மனி என்று எழுதுவான், எத்தனை தடவை எழுத வைத்தாலும் மாறாது. ஒருநாள் வகுப்பில் டீச்சர், அவரவர் வீட்டில் தண்ணீருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளை நீள்ளு என்றது, கன்னடம் பேசுகிற தேவாங்கர் வீட்டுப் பையன் நீரு என்றான், பீகார்ப் பையன் பானி என்றான். உங்க பாப்பா எழுந்து, இல்லை, பாணி என்றிருக்கிறாள். அவன் பானி, இவள் பாணி, ரெண்டு பேருக்கும் சண்டை. டீச்சர் சண்டையை விலக்கவில்லை. ரெண்டு பேரையும் பலகைக்குக் கூப்பிட்டு, ரெண்டு வார்த்தையையும் தமிழில் எழுதி, ரெண்டு பேரும் சரிதான், நாக்கை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள் என்று மற்ற பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார். இந்தியில் அது ரெண்டு சுழி, ஒடியாவில் மூணு சுழி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எங்க பையன், "அம்மா, பாப்பா வீட்டுத் தண்ணிக்கு மூணு சுழி" என்றான். அதற்குப் பிறகு அவன் மணியைத் தப்பாக எழுதவே இல்லை. என் பையன் தமிழைச் சரியாகக் கற்றுக்கொண்டது உங்க பாப்பாவால், ஒடியாவால். உங்கள் பாஷையில் ள-வும் இருக்கிறதாம், அதனால்தான் அவளுக்குத் தமிழ் சீக்கிரம் வந்தது என்று டீச்சர் சொன்னார். ழ மட்டும் இன்னும் கொஞ்சம் தகராறு. அது எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கும் தகராறுதான்.

அப்புறம் பொங்கல். அன்றைக்கு நீங்கள் கம்பெனியில் இருந்தீர்கள், அண்ணி வந்திருந்தார். பள்ளி மைதானத்தில் நாங்கள் பொம்பளைகள் எல்லாம் கோலப்பொடியை வைத்துக்கொண்டு புள்ளி வைக்க ஆரம்பித்தோம். அண்ணி ஒரு ஓரமாக நின்றவர், மெதுவாக வந்து ஒரு சொம்பு எடுத்தார். அரைத்த பச்சரிசி மாவைக் கரைத்து வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். புள்ளி இல்லை, பொடி இல்லை. மூணு விரலை மாவில் நனைத்துத் தரையில் இழுத்தார். நெற்கதிர் ஒன்று வந்தது. பக்கத்தில் இன்னொரு கதிர். அப்புறம் சின்னச் சின்னப் பாதம், லட்சுமி பாதம் என்று பாப்பா சொன்னாள். மார்கழியை ஒட்டி உங்கள் ஊரில் வியாழக்கிழமை வியாழக்கிழமை வீட்டில் போடுவார்களாம், ஜோட்டி என்று பேராம். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, வெயில் ஏற ஏறக் காய்ந்து வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. சத்துணவுக்கூடத்து ஆயா பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். "எங்க அம்முச்சி இப்படித்தான் ஈர மாவுல போடும் கண்ணு, நாமதான் பொடிக்குப் போயிட்டோம்" என்றார்.

அண்ணி ஒரு டப்பாவில் ஊறவைத்து அரைத்த பச்சரிசி, தேங்காய், வெல்லம், வாழைப்பழம் எல்லாம் பிசைந்து கொண்டுவந்திருந்தார், மகர சௌளா. நமக்குத் தைப்பொங்கல் வருகிற அதே சமயத்தில் உங்களுக்கு மகர சங்கராந்தி. நாங்கள் புது அரிசியைப் பொங்க வைக்கிறோம், நீங்கள் வேகவைக்காமல் சாமிக்கு வைக்கிறீர்கள். பிள்ளைகள் அந்த டப்பாவை நக்கிக் காலி பண்ணிவிட்டார்கள், எங்களுக்கு ஒரு வாய்தான் கிடைத்தது. வள்ளிக்கும்மி ஆரம்பித்ததும் ரெண்டாவது சுற்றிலேயே அண்ணிக்கு அடி பிடிபட்டுவிட்டது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பாப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று முதலில் ஒரு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள் அல்லவா, அது சட்டப்படி தப்பு. 2009-இல் போட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக்கூடாது, டிசி வரத் தாமதமானாலும் மறுக்கக்கூடாது, வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதே சட்டம்தான் மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெற்றோர் என்றுதான் இருக்கிறது. உள்ளூர்ப் பெற்றோர் என்று எங்கேயும் இல்லை.

நீங்கள் வராததால் என்ன குறை என்று கேட்பீர்கள். குறை இருக்கிறது. நீங்கள் ஊருக்குப் போகும்போது, ரஜ பண்டிகை முடித்து வரலாம் என்று ஜூன் பாதிவரை இருந்துவிடுகிறீர்கள், இங்கே பள்ளி திறந்து பாடம் ஓடிவிடுகிறது. பீகார்க் குடும்பங்கள் தீபாவளிக்குக் கிளம்பினால் சட் பூஜை முடிந்துதான் திரும்புகிறார்கள். யார் எப்போது போகிறார்கள், எப்போது வருவார்கள் என்று டீச்சருக்கு முன்கூட்டித் தெரிந்தால் போதும், விடுபட்ட பாடத்துக்கு ஏற்பாடு பண்ணலாம். அதை நாங்கள் குத்துமதிப்பாகப் பேசிக்கொண்டு இருக்கிறோம், உங்களில் ஒருவர் உட்கார்ந்து சொன்னால் ஒரே கூட்டத்தில் முடியும். அப்புறம் காலைச் சிற்றுண்டி. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் போடுகிறார்கள். ரெண்டு பேரும் ஷிப்டுக்கு ஓடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் புதிதாக வந்த சில குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை, பிள்ளைகள் வெறும் வயிற்றோடு மணி அடித்தபிறகு வருகிறார்கள். நான் போய்ச் சொன்னால் என் இந்தி யாருக்கும் புரியாது. நீங்கள் சொன்னால் புரியும்.

ஒன்றரை ஷிப்டு பார்க்கிறவருக்கு மத்தியானக் கூட்டம் என்றால் சம்பளம் போகும் என்று எனக்குத் தெரியும், நானும் செக்கிங்கில் நிற்கிறவள்தான். உங்களால் முடியாவிட்டால் அண்ணியை அனுப்புங்கள். பேச்சு வராது என்று தயங்க வேண்டாம், கும்மி அடிக்கும்போது யாரும் பேச்சைக் கேட்கவில்லை. பாப்பா பக்கத்தில் இருப்பாள், நானும் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை மூணு மணி. நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். ரெண்டரைக்கே வந்து கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்பேன். அண்ணி அந்த மாவுச் சொம்பையும் எடுத்துவந்தால் நல்லது, சத்துணவு ஆயா அவர்கள் சமையல்கூட வாசலில் ஒன்று போடச் சொல்லி ரெண்டு தடவை கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
மூணாவது லைன், கடைசி வீட்டு அக்கா