செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: சொந்த டிசைன் வரைந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குன்னூரில் தையல், பின்னல், பூவேலை செய்யும் பெண்களுக்கான நம் சங்கத்தின் 2024-25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன; மழை வலுத்தபோது மட்டும் தேதி தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

அச்சடித்த டிசைனைப் பார்த்துப் போடுவதோடு நிற்காமல், அவரவர் டிசைனை அவரவரே வரைந்து பழக வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இந்த ஆண்டு வேலை பெரும்பாலும் அதைச் சுற்றியே நடந்தது. "எனக்குப் படம் வரைய வராதே" என்று பலர் தயங்கினார்கள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர் இப்படிச் சொல்லலாமா? அதனால் வீட்டில் இருக்கும் கோல நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்தே ஆரம்பித்தோம்.

நேர்புள்ளிக் கோலம் கட்டம் போட்ட தாளில் அப்படியே உட்காரும், எனவே கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகப் போடும் கிராஸ் ஸ்டிட்சுக்கு ஏற்றது. தாளில் வரைந்துவிட்டு, எடுத்த துணியில் ஒரு இஞ்சுக்கு எத்தனை கட்டம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். 14 கட்டம் வரும் துணியில் 140 கட்ட டிசைன் 10 இஞ்சில் முடிந்துவிடும். 11 கட்டத் துணியில் அதுவே 12 முக்கால் இஞ்சை நெருங்கும். ஊடுபுள்ளிக் கோலம் இப்படிச் சதுரத்துக்குள் அடங்காது. அங்கே புள்ளிகள் முக்கோணமாக நிற்கின்றன. அதை ஒட்டுத்துணிப் போர்வைக்கு எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு புள்ளியையும் ஆறு பக்கத் துண்டாக வெட்டி, சுற்றிலும் கால் இஞ்ச் தையலுக்கு விட்டு இணைத்தால் கோலத்தின் பூ துணியில் எழுந்து வருகிறது. சிக்குக் கோலத்தின் வளைவோ கிராஸ் ஸ்டிட்சில் படிக்கட்டு மாதிரி உடைந்துபோகும். சங்கிலித் தையலிலோ, கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலையிலோ ஓட்டினால்தான் அந்த ஓட்டம் கெடாது. கையில் உள்ள டிசைன் எந்த வேலைக்கு ஒத்துவரும் என்று பார்க்கத் தெரிவதுதான் பாதிப் பயிற்சி என்பது என் கருத்து.

அடுத்து ஸ்வெட்டர். நம் ஊர்க் குளிருக்குப் பின்னல் தெரியாத உறுப்பினர் இங்கே குறைவு. ஆனாலும் படத்தைக் கட்டத்தாளில் வரைந்து பின்னும்போது வட்டம் ஏன் தட்டையாகிறது என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. காரணம், பின்னலில் ஒரு கண்ணி சதுரமாக இருப்பதில்லை. அகலம் கூடுதல், உயரம் குறைவு. மாதிரித் துண்டு ஒன்றில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணியும், அதே உயரத்துக்கு 30 வரிசையும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். 22 கட்டம் அகலம், 22 கட்டம் உயரம் என்று வட்டம் வரைந்தால், பின்னி முடித்தபின் அகலம் 10 சென்டிமீட்டர் இருக்கும், உயரம் 7.3தான் இருக்கும். உயரத்துக்கு 30 வரிசை கொடுத்து வரைந்தால் வட்டம் வட்டமாகவே நிற்கும். ஆகவே மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து அளந்த பிறகுதான் தாளில் கை வைக்க வேண்டும். கம்பளி நூல் துவைத்தபின் தளர்ந்து அளவு மாறுவதுண்டு. இரண்டு நிறம் வைத்துப் பின்னுகிறவர்கள், பின்பக்கம் ஓடும் நூல் ஐந்து கண்ணிக்கு மேல் தாண்டாதபடி டிசைனைப் போட்டுக்கொள்ளுங்கள். நீளமாக விட்டால் குழந்தைகளின் விரல் மாட்டிக்கொள்ளும்.

ஜாக்கெட் வகுப்பும் நடந்தது. அளவு ஜாக்கெட்டை வைத்தே வெட்டினால் அதிலுள்ள குறையும் கூடவே வந்துவிடும். உடம்பை அளந்து, பிரவுன் பேப்பரில் வரைந்து, முதலில் காடாத் துணியில் தைத்துப் பார்க்கும் முறையைப் பழகினோம். இந்த வகுப்புக்கு இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும்.

இனி, செயற்குழுவில் நெடுநேரம் பேசப்பட்ட விஷயம். நம் விற்பனை மேசைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரியைக் கேட்கிறார்கள். நாமும் அதே மாதிரி சிவப்பு, கறுப்பு நூலில் போட்டு விற்றால் என்ன என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். தோடர் பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் போடும் அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவர்கள் துணியில் கோடு வரைவதில்லை, அச்சு வைப்பதில்லை. துணியைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இழையை எண்ணி எண்ணியே கட்டங்களையும் முக்கோணங்களையும் எழுப்புகிறார்கள். டிசைன் முழுவதும் அவர்கள் மனக்கணக்கில் இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்த்துப் போட்டு விற்பது, நம் பக்கத்து மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், வாழ்கிறவர்களின் பிழைப்பில் கை வைப்பது. இழை எண்ணும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம், டிசைன் நம்முடையதாக இருக்கட்டும். தோடர் வேலை கேட்டு வருகிறவர்களை அவர்களிடமே அனுப்பிவைக்க வேண்டும் என்றும் முடிவாகியிருக்கிறது.

இணையத்திலிருந்து எடுக்கும் படங்களுக்கும் இது பொருந்தும். வீட்டுக்குப் போட்டுக்கொள்வது வேறு. இன்னொருவர் உழைத்து வரைந்த டிசைனை நம் பெயரில் விற்பது முறையல்ல. இனி விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பொருளோடும் அதன் வரைதாளையும் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். யார் வரைந்தது, எந்தத் துணி, இஞ்சுக்கு எத்தனை கட்டம், எந்த நூல் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். சங்கத்தின் கோப்பில் அவரவர் பெயரிலேயே அது இருக்கும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று கோரிக்கைகளை வைக்கிறது: ஜாக்கெட் வகுப்பை மாதம் இருமுறையாக்குவது, கட்டத்தாளும் முக்கோணப் புள்ளித்தாளும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தருவது, மூத்த உறுப்பினர்களின் கோல நோட்டுகளை அவர்கள் சம்மதத்தோடு படியெடுத்துப் பாதுகாப்பது. மூன்றாவதைத் தள்ளிப்போட வேண்டாம். சில நோட்டுகளின் தாள் ஏற்கெனவே பொடிய ஆரம்பித்துவிட்டது.

கூடம் தந்து உதவியவர்களுக்கும், வகுப்பெடுத்த அக்காமார்களுக்கும், விற்பனை மேசையைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்