நூலின் மறுமுனையைப் பிடித்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு, வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினீர்கள். அதில் பாதிக்கு மேல் வேறு சிலருக்குச் சேர வேண்டியது. அன்றைக்குச் சொல்ல முடியாமல் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி போர்டு எழுதும் அண்ணனுக்கு. எட்டாம் வகுப்புக் கோடை விடுமுறையில் உங்கள் கடைக்கு வந்தேன். அப்போதெல்லாம் நான் வாயே திறக்க மாட்டேன். ‘ஏன்டா பேச மாட்டேங்குற’ என்று கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான். எழுத்துக்குக் கோடு போட, நூலில் சாக்பீஸ் பொடி தடவி ஒரு முனையை என் கையில் கொடுப்பீர்கள். மறுமுனையை இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் பலகையில் வெள்ளைக் கோடு விழும். என் பக்கம் தொய்ந்தால் கோடு கோணிப்போகும். என்னை நம்பி ஒரு வேலை நடக்கிறது என்று அங்கேதான் முதலில் தெரிந்துகொண்டேன். பிளெக்ஸ் வந்து கடையை மூடிய பிறகும், நான் பிளஸ் டூ முடித்ததும் கல்லூரி விண்ணப்பத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றீர்களே அண்ணே!

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு நன்றி. குறிப்பாக, தாராசுரம் கோயிலுக்கு அழைத்துப்போய் விரலளவுச் சிற்பம் ஒன்றின் முன்னால் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார வைத்த ஐயாவுக்கு. எதற்கென்று அன்று புரியவில்லை.

2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது நானும் ஒருவன். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அதை வைத்து வீட்டை ஓட்டிய என் மனைவி, நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். முழு சார்ட்டைக் கொடுத்தாலும் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஆடு வரைவாள். ‘பெரிசா வரைம்மா’ என்று இரண்டு வாரம் சொல்லிச் சொல்லி அவளை அழ வைத்துவிட்டேன். பென்சிலையே தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றிரவுதான் தாராசுரம் நினைவுக்கு வந்தது. அடுத்த வகுப்புக்கு சார்ட்டைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி எடுத்துப்போனேன். இரண்டு பென்சிலைக் கூராகச் சீவி, பக்கத்தில் உட்கார்ந்து நானும் சின்னதாக ஒரு கோழி வரைந்தேன். எதுவும் பேசவில்லை. மணி அடிப்பதற்குள் ஆட்டின் காதிலிருந்த கிழிசல் வரைக்கும் வரைந்துவிட்டாள்.

பூட்டிக் கிடந்த அறையை எங்களுக்குத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. வீட்டு அடுப்பிலிருந்து கரித்துண்டு பொறுக்கிக் கொண்டுவந்து தரும் சத்துணவு அக்காவுக்கும். ‘எந்நேரமும் ஆடுதானா’ என்று மகளைக் கடியாமல், அந்த ஆட்டையே பள்ளி வாசலுக்கு ஓட்டிவந்து வரைய நிறுத்திய தாய்க்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு. கண்காட்சிக்கு முதல் நாள், படங்களை வரிசையாக மாட்டச் சுவரில் நூல் பிடித்தோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் யாரோடும் சேராமல் தூணோரம் நின்றான். அவள் நேராக அவனிடம் போய், ஒன்றும் சொல்லாமல் நூலின் மறுமுனையை நீட்டினாள்.

கோடு நேராகவே விழுந்தது அண்ணே.

அன்புடன்,
உங்கள் ஓவிய ஆசிரியர்