பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் இல்லாத சுவிட்ச் பெட்டி: மெயின் ஒயர் எரிந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
பிக்கப் வண்டி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாகன மின்சாதன விற்பனை நிறுவனம்.

பொருள்: எட்டு சுவிட்ச் துணைப் பெட்டியின் மெயின் ஒயர் எரிந்ததும், என் வாரண்டி கோரிக்கையை நீங்கள் நிராகரித்ததும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். வண்டியில் கூடுதல் விளக்கு, பம்பு போன்றவற்றை இயக்க உங்கள் இணையதளத்தில் நான் வாங்கிய துணை சுவிட்ச் பெட்டிக்கு, பேட்டரியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் மெயின் ஒயர், ஓணத்துக்கு முந்தைய வாரம், தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு திருச்சூர் போகும் வழியில் எரிந்துபோனது. வண்டியும் லோடும் தப்பியது பெரிய விஷயம். படங்களோடு உங்களுக்கு எழுதினேன். "தவறாகப் பொருத்தியதால் ஏற்பட்ட சேதம், வாரண்டி பொருந்தாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பொருத்தியதில் தவறு இல்லை. நீங்கள் கொடுத்த படத்தில் தவறு இருக்கிறது, கொடுத்த ஒயரிலும் தவறு இருக்கிறது. மின்சாரம் தெரிந்த ஒருவர் இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி என் சொந்த வண்டி, ஓட்டுவதும் நான்தான். ஒட்டன்சத்திரம் சந்தையில் லோடு ஏற்றினால் உடுமலை, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம், கொல்லங்கோடு வழியாகப் போய், விடிவதற்குள் திருச்சூரில் இறக்கியாக வேண்டும். இரவு ஓட்டத்துக்குச் சில வசதிகள் தேவை. பாடிக்குள் லோடு விளக்குகள், மழையிலும் பனியிலும் வழி தெரிய இரண்டு பனி விளக்குகள், கீரைக்கட்டு வாடாமல் தண்ணீர் தெளிக்கச் சிறிய பம்பு, டயருக்குக் காற்றடிக்க ஒரு கம்ப்ரசர். ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி, அதிலேயே முறுக்கி, டேப் சுற்றி விளக்கு எரிப்பவர்கள் எங்கள் சந்தையில் நிறையப் பேர். அந்த வேலை எனக்குப் பிடிக்காது. கம்பெனி ஒயரிங்கைத் தொடாமல், பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), தனி ஃபியூஸ் என்று முறையாகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே காசு கூடப் போனாலும் பரவாயில்லை என்று உங்கள் பெட்டியை வாங்கினேன்.

பெட்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சுவிட்சுகள் அழுத்தமாக இருக்கின்றன, ரிலேக்கள் நல்ல தரம், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ஃபியூஸ் இருக்கிறது. கேடு முழுவதும் பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் அந்த மூன்று மீட்டர் சிவப்பு ஒயரில்தான்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோவிந்தாபுரம் தாண்டியதும் பின்டயரில் காற்று குறைந்திருந்தது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்ரசரைப் போட்டேன். லோடு விளக்கும் பனி விளக்கும் எரிந்துகொண்டிருந்தன, பம்பும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசரின் சத்தம் திடீரென்று இறங்கியது, விளக்குகள் மங்கின, பானெட் இடுக்கிலிருந்து புகை வந்தது. சாவியை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றினேன். அதற்குள் சிவப்பு உறை உருகி, பேட்டரித் தட்டின் மேல் சொட்டிக் கெட்டியாகியிருந்தது. ஒயரைப் பாடியோடு சேர்த்துக் கட்டியிருந்த இடத்தில் உறை இளகி, உள்ளே இருந்த கம்பி இரும்பைத் தொட்டிருந்தது.

பெட்டிக்குள் இருக்கும் உங்கள் 60 ஆம்பியர் மெயின் ஃபியூஸைப் பிறகு பிடுங்கிப் பார்த்தோம். அது போகவில்லை. கம்பி சிறிதும் உருகாமல் முழுசாக இருந்தது. அதன் படத்தை முதல் கடிதத்திலேயே அனுப்பினேன். உங்கள் ஆட்கள் அதைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் "தவறான பொருத்தம்" என்று எழுதியிருக்க முடியாது.

ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்காக வைப்பதில்லை, ஒயரைக் காப்பதற்காக வைப்பது. ஒயர் எங்கே மின்சாரம் எடுக்கிறதோ அங்கேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரியின் பிளஸ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் வைப்பது எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்த முறை. நீங்கள் கொடுத்த படத்தில் சிவப்பு ஒயர் பேட்டரியில் நேராகப் போய் மாட்டுகிறது. ஃபியூஸ் ஒயரின் மறுமுனையில், கேபினுக்குள், பெட்டியில் இருக்கிறது. இடையில் எங்கே ஷார்ட் ஆனாலும் பல நூறு ஆம்பியர் மின்சாரம் பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் பாடிக்குப் போய்விடும். அதில் ஒரு ஆம்பியர்கூட உங்கள் ஃபியூஸைத் தொடாது, அது எப்படிப் போகும்? தொகுப்பில் பேட்டரிப் பக்கத்துக்கான ஃபியூஸ் ஹோல்டர் கிடையாது. தனியாக வாங்கிப் போடுங்கள் என்று தாளில் ஒரு வரியும் கிடையாது. அந்தத் தாளும் ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் மட்டுமே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒயரிங் செய்பவர் படத்தைப் பார்த்துத்தான் வேலை செய்ய முடியும். படத்தில் இருந்தபடி, ஒரு நூல் பிசகாமல் செய்தார்.

அடுத்தது ஒயர். உங்கள் அட்டைப் பெட்டியின் மேல் "100% காப்பர்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எரிந்த ஒயரின் எரியாத முனையை வெட்டி, பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினோம். மேலே செம்பு நிறத்தில் மெல்லிய பூச்சு, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். கையில் எடுத்தாலே எடை இல்லை. வெளியுறை பெரிதாக இருப்பதால் ஒயர் தடிமனாகத் தெரிகிறது. உரித்துப் பார்த்தால், பக்கத்தில் வைத்த 6 சதுர மி.மீ. அசல் செம்பு ஒயரைவிட உள்ளிருக்கும் கம்பிக்கட்டு மெலிந்திருக்கிறது. மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பில் சுமார் 61 சதவீதம்தான். அதுமட்டுமல்ல, ஒயர் முனையில் லக் (டெர்மினலில் மாட்டும் உலோக வளையம்) போட்டு நசுக்கிய இடத்தில் அலுமினியம் நாளாக ஆகத் தளரும், மேலே ஆக்சைடு படியும், அந்த இடம் சூடாகும்.

என் லோடு கணக்கையும் பாருங்கள். பனி விளக்கு 55 வாட் வீதம் இரண்டு, லோடு விளக்குகள் எல்லாம் சேர்த்து 40 வாட், பம்பு 60 வாட், கம்ப்ரசர் 180 வாட். மொத்தம் 390 வாட். 12 வோல்ட்டுக்கு வகுத்தால் 32 அல்லது 33 ஆம்பியர். நீங்கள் 60 ஆம்பியர் தாங்கும் என்று விற்ற பொருள் இது. பாதிக்குச் சற்று மேல்தான் எடுத்தேன். நின்றிருக்கும் வண்டியில் எஞ்சின் சூடு, காற்றோட்டம் இல்லை, உள்ளே மெலிந்த அலுமினியம். உறை இளகாமல் என்ன செய்யும்?

உங்கள் வாதம் நிற்காது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அதே பெட்டி, அதே விளக்குகள், அதே பம்பு, அதே கம்ப்ரசர், பொருத்தியவரும் அதே ஆள். மாற்றியது இரண்டுதான். 10 சதுர மி.மீ. அசல் செம்பு ஒயர் இழுத்தோம், பேட்டரியை ஒட்டி மூடியுள்ள ஹோல்டரில் 40 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தோம். இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு ஒயரைக் கையால் பிடிக்க முடிகிறது.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பொருத்தவில்லை என்று உங்கள் ஊழியர் போனில் ஒரு காரணம் சொன்னார். அட்டைப் பெட்டியில் "நீங்களே எளிதாகப் பொருத்திக்கொள்ளலாம்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டுவிட்டு இப்படிச் சொல்வது நியாயமே இல்லை. வாடகை வண்டி ஓட்டுபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றும் அவரே சொன்னார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7)-இன் விளக்கத்தை அவர் படிக்க வேண்டும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதில் தெளிவாக இருக்கிறது. தீங்கு நேராமல் பயன்படுத்துவதற்குப் போதிய குறிப்போ எச்சரிக்கையோ கொடுக்காத உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 84 சொல்கிறது. இணையவழி விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அந்த ஒரு வரி நிராகரிப்பைத் தவிர, ஒப்புகைகூட உங்களிடமிருந்து வரவில்லை.

பெட்டியின் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். புதிய ஒயர், ஃபியூஸ் ஹோல்டர், பட்டறைக் கூலி ஆகியவற்றின் ரசீதுகளை இணைத்திருக்கிறேன், அந்தத் தொகையும் வேண்டும். அன்று லோடு சந்தை முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. வியாபாரி வாடகையில் பிடித்துக்கொண்ட தொகைக்கு அவருடைய எழுத்துச் சீட்டு இருக்கிறது, அதையும் ஈடுகட்ட வேண்டும்.

பணத்தைவிட முக்கியமாக நான் கேட்பது வேறு. இதே பெட்டியை மாட்டிய வண்டிகள் எங்கள் சந்தையிலேயே நிற்கின்றன. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், ஆனால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறது. இரவில் வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கும் ஓட்டுநர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா? வாங்கிய ஒவ்வொருவருக்கும், பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் போடும்வரை மெயின் ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்லி உடனே தகவல் அனுப்புங்கள். ஃபியூஸ் ஹோல்டரும் அசல் செம்பு ஒயரும் இலவசமாகக் கொடுங்கள். படத்தைத் திருத்தி, தமிழிலும் அச்சிடுங்கள். அதுவரை விற்பனையை நிறுத்திவையுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எரிந்த ஒயர், முழுசாக இருக்கும் ஃபியூஸ், உங்கள் அச்சுத்தாள், அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் நேரில் வந்தால் காட்டத் தயார். சந்தை விடுமுறையான சனிக்கிழமையில் வண்டி ஊரில் இருக்கும்.

இணைப்பு: விலை ரசீது நகல், பட்டறை ரசீதுகள், வியாபாரியின் சீட்டு நகல், புகைப்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஒட்டன்சத்திரம்.