கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று சென்ற இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார். சுமார் 12,400 கி.மீ., மணிக்கு 900 வீதம் பதினான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று பதில் சொல்லியிருந்தீர்கள். தூரம் சரி. நேரம்தான் இடிக்கிறது. திருச்சி-சிங்கப்பூருக்கு வேண்டுமானால் இந்த வகுத்தல் ஓரளவு ஒத்துவரும்.

அந்த 12,400 என்பது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தது. நூல் திபெத், சைபீரியா வழியாக ஆர்க்டிக் கடல் வரை ஏறி இறங்கும். விமானம் அப்படிப் போகாது. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால், பயணிகள் மூச்சுத் திணறாமலிருக்க உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும்; திபெத்தில் பெரும்பாலான இடங்களில் தரையே அதைவிட உயரம்.

ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இந்தச் சேவையைத் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியாகத்தான் பறந்தது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் 15,300 ஆகக் கூடியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினான்கரைக்கு வந்தது! மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்று முன்பு முகத்தில் மோதியது, இப்போது முதுகில் தள்ளியது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம். காற்று போக அரசியலும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை நம் விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே அமெரிக்கா கிளம்பிய சில விமானங்கள் வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று.

டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெரியவர்கள் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும், "விடிகாலை நாலுக்கு ஏறி அன்றைக்கே ஆறுக்கு இறங்குறோமா, ரெண்டு மணி நேரந்தானா தம்பி?" என்பார்கள். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். கோடையில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி பின்னால். நவம்பர் முதல் மார்ச் வரை பதின்மூன்றரை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது வேடிக்கையில்லை. ஊர்க் கடிகாரத்தை நம்பினால் வேளை தவறும். உட்கார்ந்திருக்கப் போகும் மொத்த மணி நேரத்தைச் சொல்லி, ஊசி அட்டவணையை டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொல்கிறேன்.

ஆகவே இனி இப்படிக் கேள்வி வந்தால் வகுத்துப் பார்க்காதீர்கள். விமான நிறுவனத்தின் அந்த மாத அட்டவணையைப் பார்த்து, போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியே போடுங்கள். வழியில் இறங்கும் ஊர் இருந்தால் அதையும் சேர்த்து. அட்டவணை நேரம் விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாசலில் நிற்பதுவரை. குடியேற்ற வரிசையும் பெட்டிக்குக் காத்திருப்பதும் அதில் அடங்காது. கூட்டிப் போக வரும் மகனுக்கு அந்த ஒரு வரியும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு பயண முகவர்,
திருச்சி.